வார்டில் முதல் வாரம்: டி.பி.ஆர்., பி.பி. எடுப்பது முதல் காய்ச்சலைக் கையாள்வது வரை

முதல் வார்டு போஸ்டிங்குக்குப் போகும் நர்சிங் மாணவ மாணவிகள், புதிதாக வேலையில் சேர்ந்த ஸ்டாஃப் நர்ஸ்கள், வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்ளப் போகிறவர்கள் ஆகியோருக்கான வழிகாட்டி இது. நார்மல் அளவுகள் எல்லாருக்கும் மனப்பாடம். சிக்கல் அங்கே இல்லை. நாற்பது படுக்கை, ஒரே பி.பி. கருவி, எட்டு மணிக்கு ரவுண்ட்ஸ் என்கிற நிலைமையில் எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதில்தான் இருக்கிறது.

வெப்பநிலை, பல்ஸ், மூச்சு மூன்றையும் குறிக்கும் பழைய டி.பி.ஆர். சார்ட் ஒன்றை எடுத்து மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். 20, 20, 20, 20 என்று வரிசையாக இருந்தால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். எடுக்காத அளவுக்குப் பொய் எண் எழுதுவதைவிடக் காலிக் கட்டம் மேல். காலிக் கட்டத்தைப் பார்த்தால் அடுத்து வருகிறவர் எடுத்துப் பார்ப்பார். பொய்யான 20-ஐப் பார்த்தால் நிம்மதியாகக் கடந்து போய்விடுவார்.

1. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் செலவு

நொடி முள் உள்ள வாட்ச்தான் முதல் தேவை. மணிக்கட்டில் கட்டினால் கையைச் சரியாகக் கழுவ முடியாது. சட்டையில் குத்திக்கொள்ளும் ஃபாப் வாட்ச் 150 முதல் 300 ரூபாய்க்குக் கிடைக்கும். மொபைலில் நேரம் பார்த்துப் பழகாதீர்கள். ஒவ்வொரு படுக்கையிலும் எடுத்து வைக்கும் மொபைல் கிருமியையும் கூடவே எடுத்துப் போகும்.

ஸ்டெதஸ்கோப் தொடக்கத்துக்கு 500 முதல் 800 ரூபாய்க்குள் போதும். படிக்கும்போதே ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம், வார்டில் காணாமல் போகும் பொருட்களில் அதற்குத்தான் முதலிடம். காதுமுனை இறுக்கமாகப் பொருந்துகிறதா, குழாயில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மாட்டும்போது காதுமுனைகள் மூக்கைப் பார்த்து முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டிவிட்டு "ஒண்ணுமே கேக்கலை சிஸ்டர்" என்பது முதல் வாரத்தில் தினமும் கேட்கும் வசனம்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் 100 முதல் 300 ரூபாய். பெரும்பாலானவற்றுக்கு எல்.ஆர்.41 என்ற பட்டன் பேட்டரி. ஒன்று கூடுதலாகப் பையில் இருக்கட்டும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் சுமார் 800 முதல் 2,000 ரூபாய். வீட்டுப் பராமரிப்புக்குப் போகிறவர்கள் மட்டும் சொந்தமாக வாங்கினால் போதும். இவை தவிர நீலம், சிவப்பு என இரண்டு பேனாவும் ஒரு சின்ன நோட்டும். ஒவ்வொரு அளவையும் எடுத்த உடனே நோட்டில் நேரத்தோடு குறியுங்கள். ஐந்து நோயாளியின் எண்களை மனதில் சுமந்து போய்க் கடைசியில் எழுதினால் நான்காம் படுக்கைக்காரரின் பி.பி. ஐந்தாம் படுக்கைக்குப் போய்விடும்.

பாதரசத் தெர்மாமீட்டர் இன்னும் சில இடங்களில் புழங்குகிறது. உடைந்தால் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், வாக்யூம் கிளீனரும் கூடாது. உருண்டைகள் இன்னும் சிதறி ஆவியாகும். ஜன்னலைத் திறந்து, க்ளவுஸ் போட்டு, இரண்டு கெட்டி அட்டைகளால் உருண்டைகளை ஒன்றுசேர்த்து, தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட டப்பாவில் எடுத்து இன்சார்ஜிடம் ஒப்படையுங்கள். சிங்க்கில் கொட்டக் கூடாது.

2. எப்போது எடுப்பது, எந்த வரிசையில்

சாதாரண வார்டில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பதே பொதுவான வழக்கம். ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, அடுத்த இரண்டு மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறை, பிறகு மணிக்கொரு முறை என்று பல மருத்துவமனைகளில் வைத்திருக்கிறார்கள். உங்கள் வார்டின் விதியை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பிரசவம் ஆன தாய்க்கு முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பல்ஸ், பி.பி.யோடு கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா, உதிரப்போக்கு எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும்.

ரத்தம் ஏற்றும்போது ஏற்றுவதற்கு முன்பு ஒரு முறை, தொடங்கி 15 நிமிடத்தில் ஒரு முறை, பிறகு மணிக்கொரு முறை, முடிந்ததும் ஒரு முறை. அந்த முதல் 15 நிமிடம் படுக்கையை விட்டு நகராதீர்கள். முதலில் இருந்ததைவிட ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலோ, குளிர் நடுக்கம், முதுகு வலி, மூச்சு முட்டல் என்று சொன்னாலோ உடனே ரத்தத்தை நிறுத்தி, செட்டை (ரத்தம் இறங்கும் குழாயை) மாற்றி, ஊசி அடைக்காதபடி நார்மல் சலைனில் லைனைக் காப்பாற்றிக்கொண்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். பையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ரத்த வங்கிக்குத் திருப்பி அனுப்ப அது வேண்டும்.

நேரக் கணக்கு ஒன்று. எல்லா அளவையும் ஒழுங்காக எடுக்க ஒருவருக்கு நான்கு நிமிடம் ஆகும். நாற்பது பேருக்கு 160 நிமிடம், அதாவது இரண்டு மணி நாற்பது நிமிடம். ஒரே ஆள் அரை மணியில் நாற்பது பேருக்கும் முடித்தார் என்றால் பாதி எண்கள் கற்பனை. எனவே படுக்கை எண் வரிசையில் போகாதீர்கள். புதிதாக வந்தவர், நேற்று ஆபரேஷன் ஆனவர், ஆக்சிஜனில் இருப்பவர், இரவு காய்ச்சல் அடித்தவர் ஆகியோரை முதலில் முடியுங்கள். இன்று டிஸ்சார்ஜ் ஆகப் போகிறவர் கடைசியில்.

நோயாளி தூங்கினால் எழுப்பிவிடாமல் முதலில் மூச்சை எண்ணிவிடுங்கள். தூக்கத்தில் கிடைப்பதைவிட உண்மையான மூச்சு எண்ணிக்கை விழித்த பின் கிடைக்காது.

3. வெப்பநிலை

நம் வார்டுகளில் பெரும்பாலும் அக்குளில்தான் எடுக்கிறோம். செய்முறை இது:

தெர்மாமீட்டர் முனையிலிருந்து விரல் பிடிக்கும் பக்கமாக ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள். எடுத்து முடித்ததும் துடைப்பது இதற்கு நேர் எதிர், விரல் பக்கத்திலிருந்து முனையை நோக்கி. சுத்தமான பகுதியிலிருந்து அசுத்தமான பகுதிக்கு என்பதே இதன் கணக்கு. தேர்விலும் இதைக் கேட்பார்கள்.

அக்குள் வியர்வையை ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் உரசல் சூட்டில் அளவு ஏறும், ஈரத்தோடு விட்டால் இறங்கும். முனை அக்குளின் நடுக்குழியில் தோலைத் தொட்டிருக்க வேண்டும், சட்டைத் துணியை அல்ல. கையை மார்பின் குறுக்கே மடக்கி வைக்கச் சொல்லுங்கள். டிஜிட்டலில் பீப் சத்தம் வரும்வரை, பாதரசத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே உதறி இறக்கிவிட்டு ஐந்து நிமிடமாவது வைக்க வேண்டும். மெலிந்த முதியவர்களுக்கு அக்குள் குழிந்திருக்கும், முனை காற்றில் நிற்கும். அவர்கள் கையை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.

அக்குளில் கிடைப்பது வாயில் கிடைப்பதைவிட ஏறக்குறைய ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி குறைவு. ஆனால் அந்த ஒரு டிகிரியை நீங்களாகக் கூட்டி எழுதாதீர்கள். கிடைத்ததை அப்படியே எழுதி, பக்கத்தில் "அக்குள்" என்று குறித்துவிடுங்கள். ஒருவர் கூட்டியும் அடுத்த ஷிஃப்டில் இன்னொருவர் கூட்டாமலும் எழுதினால் வராத காய்ச்சல் வந்துபோனது போல கிராஃப் ஏறி இறங்கும்.

வாயில் எடுப்பதானால் காபி, டீ, ஐஸ் தண்ணீர், பீடி எதுவானாலும் அரை மணி நேரம் கழியட்டும். மயக்கத்தில் இருப்பவர், வலிப்பு வருபவர், சின்னக் குழந்தைகள், வாயில் அறுவை ஆனவர், வாயால் மூச்சு விடுபவர் ஆகியோருக்கு வாய் வழி கூடாது. ஆசனவாய் வழியில் உடலின் உள் வெப்பம் துல்லியமாகத் தெரியும். ஆனால் வயிற்றுப்போக்கு, ஆசனவாய் அறுவை, தட்டணுக்களோ வெள்ளணுக்களோ மிகவும் குறைந்த நிலை ஆகியவற்றில் தவிர்க்க வேண்டும். காதில் எடுக்கும்போது பெரியவர்களுக்குக் காதுமடலை மேலே பின்னோக்கியும் மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கீழே பின்னோக்கியும் இழுங்கள். தலையணையில் அழுந்தியிருந்த காதில் எடுத்தால் கூடுதலாகக் காட்டும்.

நெற்றியில் காட்டும் துப்பாக்கி தெர்மாமீட்டர் வாசலில் கூட்டத்தைச் சலிக்கத்தான் லாயக்கு. வியர்வை, ஃபேன் காற்று, வெயிலில் வந்த நெற்றி எல்லாம் அதைக் குழப்பும். சில கருவிகளில் உடல், பொருள் என இரண்டு முறைகள் உண்டு. பொருள் முறையில் வைத்துவிட்டு 93 என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நோயாளியின் வீட்டார் "நூத்தியொண்ணு அடிச்சது" என்று ஃபாரன்ஹீட்டில் சொல்வார்கள். சார்ட் செல்சியஸில் இருக்கலாம். 98.6 என்பது 37, 100.4 என்பது 38, 102.2 என்பது 39, 104 என்பது 40. இந்த நான்கும் நாக்கு நுனியில் இருக்கட்டும். கீழ்ப்பக்கம் 95, அதாவது 35-க்குக் கீழே போனால் அது ஹைப்போதெர்மியா, உடல் ஆபத்தாகக் குளிர்ந்துபோன நிலை. உடல் வெப்பம் விடியற்காலை நான்கு முதல் ஆறு மணிக்குள் மிகக் குறைவாகவும் மாலை நான்கு முதல் ஆறுக்குள் மிக அதிகமாகவும் இருக்கும். காலை ஆறு மணிக்கு 99.4 என்றால் மாலை ஆறு மணி 99.4-ஐவிட அதிகமாக யோசிக்க வேண்டும்.

4. பல்ஸ்

கட்டைவிரலால் பார்க்காதீர்கள், உங்கள் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் மெதுவாக வையுங்கள். ஒழுங்காகத் துடித்தால் 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கலாம். தாளம் தப்பினால் ஒரு முழு நிமிடம். முதல் முறை பார்க்கும் நோயாளிக்கு எப்போதும் முழு நிமிடம். பெரியவர்களுக்கு 60 முதல் 100. பிறந்த குழந்தைக்கு 120 முதல் 160.

தாளம் தப்பினால் இதயத்தின் மேல் ஸ்டெதஸ்கோப் வைத்தும் எண்ணுங்கள்: இடது பக்கம், ஐந்தாவது விலா இடைவெளி, காறையெலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே. ஒருவர் நெஞ்சிலும் இன்னொருவர் மணிக்கட்டிலும் ஒரே நிமிடத்தில் எண்ணி வித்தியாசத்தை எழுத வேண்டும்.

ஒரு டிகிரி செல்சியஸ் காய்ச்சல் ஏறினால் பல்ஸ் சுமார் பத்து ஏறும். 103 டிகிரி காய்ச்சலில் பல்ஸ் 80-தான் என்றால் முதலில் உங்கள் எண்ணிக்கையைச் சந்தேகியுங்கள். மறுபடி எண்ணியும் அதே 80 என்றால் அது செய்தி. டைபாய்டில் இப்படி வரும். சொல்லிவிடுங்கள்.

5. மூச்சு

எண்ணப் போகிறோம் என்று சொன்னால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். பல்ஸ் எண்ணி முடித்ததும் கையை விடாமல், மணிக்கட்டைப் பிடித்தபடியே மார்பையோ வயிற்றையோ பாருங்கள். அவர் கையை மார்பின் மேல் வைத்துப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத மூச்சும் கைக்குத் தெரியும். ஏறி இறங்குவது சேர்ந்து ஒன்று. பெரியவர்களுக்கு 12 முதல் 20.

குழந்தைகளுக்கு முழு நிமிடம் எண்ணியே ஆக வேண்டும், அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புகள்: இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேலும், 2 முதல் 11 மாதம் வரை 50-ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் வேக மூச்சு. எண்ணிக்கையோடு நிறுத்தாமல் விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, முனகல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்தக் கட்டத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் வெளியிட்டு 2017-ல் திருத்திய, நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் நியூஸ் (NEWS) மதிப்பெண் முறையில் 39.1 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் காய்ச்சல் இருந்தால் 2 மதிப்பெண். மூச்சு 25-ம் அதற்கு மேலும் போனால் 3. வார்டே பதறும் காய்ச்சலைவிட யாரும் எண்ணாத மூச்சுக்கு அங்கே எடை அதிகம்.

6. பி.பி.

தவறு அதிகம் நடக்கும் இடம் இது. கருவிக்குக் கை வைக்கும் முன்பே பாதித் தவறு நடந்துவிடும்.

நோயாளி ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கால் மேல் கால் போடாமல். சிறுநீர் முட்டினால் போய்விட்டு வரச் சொல்லுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பையே பி.பி.யை ஏற்றும். எடுக்கும்போது பேசக் கூடாது, அவரும் சரி நீங்களும் சரி. "சாப்பிட்டீங்களா ஐயா" என்று அன்பாகக் கேட்டுக்கொண்டே எடுப்பதுகூட அளவைக் கூட்டும். கையை அந்தரத்தில் தூக்கிப் பிடிக்கச் சொல்லாதீர்கள். இதய மட்டத்தில் தலையணை மேல் இருக்கட்டும். இதய மட்டத்துக்குக் கீழே தொங்கினால் கூடுதலாகவும் மேலே இருந்தால் குறைவாகவும் காட்டும்.

அடுத்தது கஃப், அதாவது கையில் சுற்றிக் காற்றேற்றும் பட்டை. உள்ளே இருக்கும் ரப்பர் பையின் நீளம் கைச் சுற்றளவில் 80 சதவீதம், அகலம் 40 சதவீதம் இருக்க வேண்டும். 27 முதல் 34 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு வழக்கமான கஃப். அதைவிடப் பருத்த கையில் அதையே இழுத்துச் சுற்றினால் இல்லாத ரத்தக்கொதிப்பு வந்துவிடும். எலும்பும் தோலுமான கையில் பெரிய கஃப் போட்டால் இருக்கும் கொதிப்பு மறையும். வார்டில் ஒரே அளவு கஃப்தான் இருக்கிறது என்றால் அதைச் சார்ட்டில் ஒரு வார்த்தை எழுதுங்கள்.

இனி எடுக்கும் முறை:

அ. சட்டைக் கையை இறுக்கிச் சுருட்டிவிடாதீர்கள், கழற்றுங்கள். கஃபின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே இருக்கட்டும். இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும்.

ஆ. மணிக்கட்டுத் துடிப்பில் விரல் வைத்துக்கொண்டு காற்றை ஏற்றுங்கள். துடிப்பு எங்கே மறைகிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, காற்றை முழுக்க இறக்கிவிட்டு அரை நிமிடம், ஒரு நிமிடம் பொறுங்கள்.

இ. முழங்கை மடிப்பில் துடிப்பு தெரியும் இடத்தில் ஸ்டெதஸ்கோப்பை வையுங்கள். கஃபுக்கு அடியில் திணிக்காதீர்கள். குறித்த எண்ணைவிட 30 கூட ஏற்றுங்கள்.

ஈ. நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. வேகத்தில் இறக்குங்கள். முதல் "டக்" மேல் அளவு, சத்தம் முழுவதும் மறையும் இடம் கீழ் அளவு.

உ. திரும்ப எடுப்பதானால் ஒன்றிரண்டு நிமிடம் விட்டு எடுங்கள். பாதியில் சந்தேகம் வந்து மறுபடி ஏற்றாதீர்கள்.

இரண்டாம் படியை எல்லாரும் தாவிவிடுகிறார்கள். சில ரத்தக்கொதிப்பு நோயாளிகளுக்குச் சத்தம் 190-ல் கேட்டு, 170-ல் காணாமல் போய், 150-ல் மறுபடி வரும். துடிப்பைப் பார்க்காமல் 160 வரை மட்டும் ஏற்றினால் 150 என்று எழுதிவிட்டு வருவீர்கள்.

கைக்கருவியின் முள்ளோ பாதரசமோ இரண்டிரண்டு மி.மீ. கோடுகளில் ஓடுகிறது. ஆகவே கைக்கருவியில் எடுத்ததாக 125/85 என்று எழுதினால் இன்சார்ஜுக்குக் கண்ணில் குத்தும். ஒற்றைப்படை எண் டிஜிட்டலில்தான் வரும். அதேபோல வார்டு முழுக்க 120/80, 130/80, 110/70 என்றே இருந்தாலும் குத்தும். முள் கருவியில் காற்று இல்லாதபோது முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று தினமும் பாருங்கள். நிற்காவிட்டால் ஓரமாக வைத்துவிட்டு எழுத்தில் தெரிவியுங்கள்.

டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கை, மார்பக அறுவையில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை, ட்ரிப்ஸ் ஓடும் கை ஆகியவற்றில் எடுக்கக் கூடாது. ஃபிஸ்டுலா கையில் கஃப் கட்டினால் அது அடைத்துப்போகலாம். மறுபடி ஆபரேஷன், செலவு, அதுவரை டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய். படுக்கையின் தலைமாட்டில் "இந்தக் கையில் பி.பி. வேண்டாம்" என்று எழுதி ஒட்டுங்கள். மாதம் ஏறிய கர்ப்பிணியை மல்லாக்கப் படுக்கவைத்து எடுக்காதீர்கள். உட்காரவைத்தோ இடது பக்கம் ஒருக்களித்தோ எடுங்கள். அவருக்கு 140/90 வந்தாலே சொல்ல வேண்டும், 160/110 அவசரம்.

7. ஆக்சிஜன் அளவு

பொதுவாக 95-க்கு மேல். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கு டாக்டர் 88 முதல் 92 வரை இலக்கு வைத்திருக்கலாம். 90 என்று பயந்து நீங்களாக ஆக்சிஜனைக் கூட்டிவிடாதீர்கள். நகப்பூச்சு, கருப்பு மருதாணி, சில்லிட்ட விரல் எல்லாம் கருவியை ஏமாற்றும். பி.பி. கஃப் கட்டிய கையில் மாட்டினால் காற்று ஏறும்போது எண் விழும். திரையில் தெரியும் பல்ஸ் அளவும் உங்கள் விரல் எண்ணிய பல்ஸும் ஒத்துப்போனால்தான் நம்புங்கள். தீ விபத்திலிருந்தோ, மூடிய அறையில் கரி அடுப்புப் புகையிலிருந்தோ வந்தவருக்கு 99 காட்டினாலும் நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தை இந்தக் கருவி ஆக்சிஜன் என்றே படிக்கும்.

8. சார்ட்டில் எழுதுவது

எழுத வேண்டிய இடங்கள் மூன்று: டி.பி.ஆர். சார்ட், நர்சஸ் நோட்ஸ், தேவைப்பட்டால் இன்டேக் அவுட்புட் சார்ட் (உள்ளே போன, வெளியே வந்த நீரின் கணக்கு). பெயர், ஐ.பி. எண் இரண்டையும் நோயாளியின் கைப்பட்டையோடு ஒப்பிட்ட பின்பே பேனாவைத் திறங்கள். படுக்கை எண்ணை மட்டும் நம்பினால் நேற்று இரவு படுக்கை மாறியவர் உங்களை மாட்டிவிடுவார்.

எடுத்த நேரத்தை எழுதுங்கள், எடுக்க வேண்டிய நேரத்தை அல்ல. பத்து மணி அளவை 10.50-க்கு எடுத்தால் 10.50-தான். தவறு வந்தால் ஒரே கோட்டில் அடித்துக் கையெழுத்திடுங்கள். வைட்னர், மேலேயே திருத்தி எழுதுவது இரண்டும் பின்னாளில் கேஸ் என்று வந்தால் உங்களுக்கு எதிராக நிற்கும். பாராசிட்டமால் கொடுத்த நேரத்தையும் டி.பி.ஆர். சார்ட்டிலேயே குறித்துவிட்டால், அடுத்து வரும் இறக்கம் மாத்திரையாலா நோய் தணிந்ததாலா என்று டாக்டருக்குப் புரியும்.

எண்களைத் தனித்தனியாகப் படிக்காதீர்கள். டெங்கு நோயாளி ஒருவரின் சார்ட் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

மூன்றாம் நாள்: வெப்பநிலை 103, பல்ஸ் 108, பி.பி. 112/70.
ஐந்தாம் நாள்: வெப்பநிலை 98.8, பல்ஸ் 120, பி.பி. 100/84.

வீட்டார் சந்தோஷமாக இருப்பார்கள், காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் வெப்பம் இறங்கியும் பல்ஸ் ஏறியிருக்கிறது. மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடைவெளி 42-லிருந்து 16-க்குச் சுருங்கிவிட்டது. டெங்குவில் இடைவெளி 20-ம் அதற்குக் கீழும் வந்தால் அது ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை. காய்ச்சல் விடும் நாளிலிருந்து 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்தான காலம். இந்த நேரத்தில் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுப் பல்ஸ் கட்டத்தில் 88 என்று குத்துமதிப்பாகப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

9. காய்ச்சல்: மாத்திரை எப்போது, துடைப்பது எப்போது

மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடலின் வெப்பத்துக்கு ஓர் இலக்கு வைத்திருக்கிறது. கிருமி வந்தால் அந்த இலக்கு ஏறுகிறது. இலக்கு 103, உடல் 100 என்றால் உடலுக்குக் குளிர்கிறது. தோல் ரத்தக்குழாய்கள் சுருங்கி, தசை நடுங்கிச் சூட்டை உண்டாக்குகிறது. இந்த நேரத்தில் ஈரத்துணியால் துடைத்தால் நடுக்கம் கூடும், சூடும் கூடும், நோயாளிக்குச் சித்திரவதை. நடுங்கும்போது லேசாகப் போர்த்திவிடுங்கள். பாராசிட்டமால் அந்த இலக்கையே இறக்குகிறது, அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும். நடுக்கம் நின்று, உடம்பு கொதித்து, முகம் சிவந்திருக்கும்போதுதான் துடைப்பதற்கு நேரம்.

பாராசிட்டமால் டாக்டர் எழுதிய அளவில்தான். குழந்தைகளுக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., இரண்டு வேளைக்கு இடையே குறைந்தது நான்கு மணி நேரம். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் பழுது உள்ளவர்களுக்கு இன்னும் குறைவு. கவனிக்க வேண்டிய பொறி: வீட்டார் கடையில் வாங்கிவந்த சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும். தலையணைக்கு அடியில் என்ன அட்டை இருக்கிறது என்று கேளுங்கள்.

துடைப்பதற்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு பேசின், ஐந்தாறு சின்னத் துணி, அடியில் ரப்பர் ஷீட், துவட்ட ஒரு டவல். முழங்கையைத் தண்ணீரில் வைத்தால் சூடும் தெரியக் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. ஐஸ் தண்ணீர் வேண்டாம். தோல் சுருங்கி உள்ளே சூடு தங்கிவிடும். ஸ்பிரிட் கலக்கவே கூடாது, குழந்தையின் தோலும் மூச்சும் அதை உறிஞ்சிக்கொள்ளும். நெற்றி, இரண்டு அக்குள், இரண்டு தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பிழிந்த துணி வைத்து, சூடேறியதும் மாற்றுங்கள். கைகால்களை ஒவ்வொன்றாக நீளமாகத் துடைத்து ஈரம் தானாகக் காய விடுங்கள். மொத்தம் 20 முதல் 30 நிமிடம். உடனே கம்பளி போர்த்தினால் செய்ததெல்லாம் வீண். நடுக்கம் வந்தாலோ உதடு நீலம் பாரித்தாலோ நிறுத்துங்கள். முடிந்து அரை மணி கழித்து வெப்பநிலை எடுத்து எழுதுங்கள்.

கத்திரி வெயிலில் வேலை செய்துவிட்டு உளறலோடு வருகிற 105 டிகிரி ஆள் வேறு கேஸ். அவருக்கு மூளையின் இலக்கு ஏறவில்லை, உடல்தான் சூட்டை வெளியேற்ற முடியாமல் தோற்றிருக்கிறது. ஆகவே பாராசிட்டமால் பயன்படாது. கடலோர ஊர்களில் காற்று ஈரமாக இருப்பதால் வியர்வை வழிந்தாலும் ஆவியாகாது, உடம்பு குளிராது. வியர்க்கிறதே என்று ஹீட் ஸ்ட்ரோக் இல்லையென முடிவு கட்டாதீர்கள். டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் தெளித்து ஃபேன் போட்டு, கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் பேக் வையுங்கள். இங்கே ஐஸ் சரி. அக்குள் அளவை நம்பாமல் ஆசனவாய் வழியில் பார்த்து, 39 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் நிறுத்துங்கள். மேலும் குளிர்வித்தால் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும்.

10. உடல் குளிர்ந்துபோனால்

காய்ச்சலுக்கு ஓடுகிற வார்டு குளிர்ச்சிக்கு ஓடுவதில்லை. ஆபரேஷன் தியேட்டர் ஏ.சி.யிலிருந்து வரும் நோயாளி 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ரத்தம் உறைவது தாமதமாகும், மயக்க மருந்தும் மெதுவாகவே இறங்கும். ஈரமான ஷீட்டை மாற்றி, தலையையும் சேர்த்துப் போர்த்துங்கள். முதுகில் ஸ்பைனல் மயக்க ஊசி போட்டவரின் காலுக்கு ஹாட் வாட்டர் பேக் வைக்கவே கூடாது; உணர்ச்சி இல்லாத காலில் வெந்துபோவது அவருக்குத் தெரியாது. முதியவர்களுக்குக் கடுமையான கிருமித் தொற்றிலும் காய்ச்சல் வராமல் வெப்பம் இறங்கலாம். 95 டிகிரி ஃபாரன்ஹீட், வேக மூச்சு, புதிதாகக் குழப்பமான பேச்சு மூன்றும் சேர்ந்தால் 103 காய்ச்சலைவிட அவசரம்.

பிறந்த குழந்தைக்கு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை சரி. 36.0 முதல் 36.4 வரை குளிர் அழுத்தம், 36-க்குக் கீழே ஹைப்போதெர்மியா, 32-க்குக் கீழே உயிராபத்து. பிறந்ததும் துவட்டி, ஈரத்துணியை அப்புறப்படுத்தி, தொப்பி போட்டுத் தாயின் வெறும் மார்பில் படுக்கவைத்து இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். 24 மணி நேரத்துக்குள் குளிப்பாட்ட வேண்டாம். பாட்டி கேட்டால் பொறுமையாகக் காரணம் சொல்லுங்கள். பாதத்தைத் தொட்டு, பிறகு வயிற்றைத் தொடுங்கள். பாதம் மட்டும் சில்லிட்டிருந்தால் குளிர் ஆரம்பம், வயிறும் சில்லிட்டிருந்தால் உடனே டாக்டர்.

11. டாக்டரைக் கூப்பிடுவது

"டாக்டர், பேஷன்ட் ஒரு மாதிரியா இருக்கார், வாங்க" என்றால் யாரும் எழுந்து வர மாட்டார்கள். போனை எடுக்கும் முன் கேஸ் ஷீட்டும் புதிதாக எடுத்த எண்களும் கையில் இருக்கட்டும். மேலே சொன்ன டெங்கு நோயாளிக்கு இரவு இரண்டு மணிக்கு இப்படிச் சொல்லலாம்:

"டாக்டர், ஆண்கள் மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் பேசறேன். 14-ம் பெட், டெங்கு, இன்னைக்கு அஞ்சாம் நாள். சாயங்காலம் ஃபீவர் விட்டுடுச்சு. இப்ப டெம்பரேச்சர் 98.8, பல்ஸ் 120, பி.பி. 100 பை 84, ரெண்டு தடவை மேனுவலா எடுத்தேன். மூச்சு 26. கை கால் சில்லுனு இருக்கு, நைட் எட்டு மணியிலிருந்து யூரின் போகலை. ஷாக்குக்குப் போறார்னு நினைக்கிறேன், உடனே வந்து பாருங்க. அதுவரை ஃப்ளூயிட் ஏதும் மாத்தணுமா?"

அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். கூப்பிட்ட நேரம், பேசியவர், கிடைத்த பதில் மூன்றையும் நர்சஸ் நோட்ஸில் எழுதுங்கள். 15 நிமிடத்தில் யாரும் வரவில்லை என்றால் மறுபடி எண்களை எடுத்து, மறுபடி கூப்பிட்டு, ஷிஃப்ட் இன்சார்ஜுக்கும் சொல்லி, அந்த நேரத்தையும் எழுதுங்கள்.